ரிமோட்டை நான் அழுத்தவில்லை, அப்பா

என் தங்க அப்பாவுக்கு,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் பேரன் ஒரு சின்னப் பெண்ணின் கையை உடைத்துவிட்டான். அடுத்த நிமிடமே அந்தப் பெண்ணின் அப்பாவை நான் இரும்புக் கம்பியால் அடித்தேன். நீங்கள் போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறது. இத்தனை காலம் உங்களுக்கு ஒரு வரி எழுதாதவள் இன்று உட்கார்ந்து எழுதுவதற்கு இதுதான் காரணம். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்களைத் தெரிந்தவர்கள் அதில் இருந்தால் இன்னும் நல்லது.

உங்களுக்கு எதுவுமே தெரியாதல்லவா? சொல்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நீங்கள் பார்க்காத மருமகனின் பெயர் சிவகுமார். ஒரே பையன், தர்ஷன். பதினோரு வயது. உங்கள் மூக்கு, உங்கள் தாடை. பெரியப்பா அவனைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

நீங்கள் நடத்திய நிட்டிங் கம்பெனியை விற்றுவிட்டோம். நானும் உங்கள் மருமகனும் முதலிபாளையம் போகும் வழியில், காலியாகக் கிடந்த ஒரு குடோனின் பின்பக்கத்தைச் சமன்படுத்தித் தார் போட்டு, பிள்ளைகளுக்குக் கோ-கார்ட் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறோம். கோ-கார்ட் என்றால் தரையோடு ஒட்டிப் போகும் சின்ன வண்டி. கதவு கிடையாது, கூரை கிடையாது. ஓரமெல்லாம் பழைய டயர் அடுக்கியிருக்கிறோம்.

நீங்கள் சிரிப்பீர்கள். காரில் உட்கார்ந்தாலே கண்ணை மூடிக்கொள்கிற பெண், பிள்ளைகளுக்கு வண்டி கற்றுத் தருகிறாளா என்று. உண்மைதான். உங்களுக்குப் பிறகு பதினைந்து வருஷம் நான் எந்தக் காரிலும் முன்சீட்டில் உட்காரவில்லை. ஒருமுறை கோயம்புத்தூரில் இவர்தான் வற்புறுத்தி ஒரு கார்ட்டில் உட்கார வைத்தார். எதிரில் வர யாரும் இல்லை. லாரி இல்லை, பஸ் இல்லை. நாலாவது சுற்றில் ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தினேன். வண்டி பூனைக்குட்டிபோல் அடங்கித் திரும்பியது. ஹெல்மெட்டுக்குள் நான் சத்தம் போட்டு அழுதேன் அப்பா. பிரேக்கை மிதிப்பது அவமானமில்லை என்று எனக்கு அதுவரை யாருமே காட்டியதில்லை.

எங்கள் வகுப்பில் முதல் நாள் எஞ்சினையே கிளப்ப மாட்டோம். சும்மா உட்கார வைத்துக் கண்ணைப் பழக்குவோம். இடித்துவிடுவோமோ என்று பயப்படும் டயரைப் பார்த்தால் கை அந்தப் பக்கமே திரும்பும். போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் வண்டி அங்கே போகும். அப்புறம் கால். இடது காலில் பிரேக், வலது காலில் ஆக்ஸிலேட்டர், இரண்டையும் ஒன்றாக மிதிக்கக் கூடாது. வளைவு வருவதற்கு முன்பே, சக்கரம் நேராக இருக்கும்போதே, வேகத்தைக் குறைத்து முடித்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு பதறி மிதித்தால் பின்பக்கம் சுழற்றி எறிந்துவிடும். இதெல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடுகிறது.

வராதது நீலக் கொடிதான். உனக்குப் பின்னால் உன்னைவிட வேகமாக ஒருவர் வருகிறார், வழி விடு என்று அர்த்தம். அந்தக் கொடியைக் காட்டினால் பிள்ளைகள் அழுவார்கள். சிலர் பார்க்காத மாதிரி போவார்கள். தர்ஷன் ஒருநாளும் அதற்கு வழிவிட்டதில்லை. வேண்டுமென்றே இடிப்பவர்களுக்குக் கறுப்புக் கொடி. அதைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிட வேண்டும். அன்றைக்கு மறுபடி ஏற முடியாது.

இவ்வளவும் தவறினால் என் கையில் ஒரு ரிமோட் இருக்கும். அதை அழுத்தினால் ஓடுகிற எல்லாக் கார்ட்டுகளின் எஞ்சினும் அந்தக் கணமே அடங்கிவிடும். அதனால்தான் பெற்றவர்கள் எங்களை நம்பிப் பிள்ளையை விடுகிறார்கள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

ரோஸ்லின் என்று ஒரு பெண், பத்து வயது. அவள் அப்பா அந்தோணி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இங்கே ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு நேராக வந்துவிடுவார். அவள் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும் நீங்கள். அலட்டலே இருக்காது. முந்த இடம் கிடைக்கும் வரைக்கும் காத்திருப்பாள், கிடைத்ததும் போய்விடுவாள்.

அன்றைக்குப் பத்துச் சுற்றுப் போட்டி. ஏழாவது சுற்றில் ரோஸ்லின் தர்ஷனை முந்தினாள். சுத்தமாக, உரசாமல் முந்தினாள். அடுத்த வளைவில் தர்ஷன் அவள் பின்பக்கத்தை ஒரு முட்டு முட்டினான். அப்போதே நான் கறுப்புக் கொடியை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. என் பிள்ளை அல்லவா?

ஒன்பதாவது சுற்று. நீளமான நேர்பாதையின் கடைசியில் அவள் வளைவுக்காக வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்தவன் குறைக்கவில்லை. தாடையை முன்னே தள்ளி, ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து வந்தான். அந்தத் தாடையை எனக்குத் தெரியும். என்ன நடக்கப் போகிறது என்பதும் தெரியும். ரிமோட் என் கையில் இருந்தது. கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது.

அழுத்தவில்லை அப்பா.

மறந்து நிற்கவில்லை, திகைத்தும் நிற்கவில்லை. அந்த ஒரு கணம் அவன் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. "விடாத!" என்று என் வாய் சொன்னது. பக்கத்தில் யாராவது கேட்டார்களா, தெரியவில்லை. நான் கேட்டேன். அது உங்கள் சொல்.

வாயிலிருந்து அது விழுவதற்குள் அவன் அவள் பக்கவாட்டில் ஏறிவிட்டான். இரும்பும் இரும்பும் அடித்துக்கொண்ட சத்தம் குடோன் தகரத்தில் பட்டுத் திரும்பியது. ரோஸ்லினின் கார்ட் ஒருபக்கமாகத் தூக்கி, டயர் அடுக்கில் மோதி, அவள்மேலேயே சாய்ந்தது. கை அடியில் சிக்கிக்கொண்டது. அவள் கத்தவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தர்ஷன் இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றி வீசினான். நேராகப் போய் அவள் வண்டியை எட்டி உதைத்தான். "வழி உடமாட்டியா? வழி உடமாட்டியா?" என்று மறுபடியும் உதைத்தான். பிறகுதான் கீழே பார்த்தான். மணிக்கட்டுக்கு மேலே கை மடங்கியிருந்தது. வெள்ளையாக ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. தாரில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தோணி வேலியைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தார். முதலில் கண்ணில் பட்டவன் தர்ஷன்தான். அவன் சட்டையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கினார். "எம்புள்ளைய என்னலே செஞ்ச?" என்று ஒரு உலுக்கு உலுக்கினார். அவர் அடிக்கவில்லை. அதை நான் எங்கேயும் சொல்வேன். பிடித்துத்தான் இருந்தார்.

டயர் மாற்றும் இரும்பு லிவர் மேஜைமேல் கிடந்தது. அதை எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. அவர் தோளில் ஒன்று, திரும்பியபோது காதுக்குக் கீழே ஒன்று. மூன்றாவதற்கு ஓங்கியபோது என் வீட்டுக்காரர் ஓடிவந்து பின்னாலிருந்து என் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அந்தோணி திருப்பி அடிக்கவில்லை. காதிலிருந்து ரத்தம் சட்டைக்குள் இறங்க, தட்டுத்தடுமாறிப் போய் மகள்மேல் கிடந்த வண்டியை ஒற்றை ஆளாகத் தூக்கி எறிந்தார்.

தர்ஷன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். வாய் திறந்திருந்தது.

அப்பா, பல்லடம் ரோட்டில் ஒரு பஸ் டிரைவர் உங்களை முந்திவிட்டார் என்று, முன்னால் போய்க் காரைக் குறுக்கே போட்டு, அவரை இழுத்துப் போட்டு ஜாக்கி லிவரால் அடித்தீர்களே, அப்போது எனக்குப் பத்து வயது. அவருடைய பல் ஒன்று நம் கார் பானட்டில் வந்து விழுந்தது. அப்புறம் என்னைப் பேக்கரிக்குக் கூட்டிப்போய், "பயந்துட்டியா கண்ணு? அப்பா இருக்கறப்ப உனக்கென்ன பயம்?" என்று கேட்டு, ஆரஞ்சுச் சுளையில் ஒரு நார் விடாமல் உரித்து உரித்து ஊட்டினீர்கள். உங்கள் விரல் இடுக்கில் அவர் ரத்தம் காய்ந்திருந்தது. நான் சாப்பிட்டேன். வேறென்ன செய்திருக்க முடியும் நான்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது இவர் முந்திக்கொண்டு சொன்னார்: "பையனோட வண்டில பிரேக் புடிக்காமப் போயிருச்சுங்க." போலீஸ்காரர் வந்து கேட்டபோதும் அதையே சொன்னார். நல்ல மனிதர்தான் அப்பா. பிள்ளையைக் காப்பாற்ற நினைத்தார். நானும் தலையை ஆட்டினேன்.

அந்தோணி காதில் தையலோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. நீங்க அடிச்சத நான் பேச வரல. புள்ளைக்காக எவனும் அடிப்பான். அந்த ரிமோட்டு உங்க கையிலதான இருந்துச்சு? நான் பாத்துகிட்டேதான் நின்னேன். ஏன் அமுக்கல?"

"அமுத்துனனுங்க. வேலை செய்யல" என்றேன்.

"சரி" என்றார். அவ்வளவுதான். நம்பவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் தர்ஷன் சாப்பிட மறுத்துவிட்டான். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சொன்னான்: "ஏம்மா, பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. நான் வேணும்னுதான் இடிச்சேன். அப்பா எதுக்குப் பொய் சொல்றாரு?"

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"போலீஸ் எங்கிட்டக் கேட்டா நானும் அப்படித்தான் சொல்லோணுமா?"

அந்தக் கேள்வியில் நான் உடைந்துபோனேன் அப்பா. அது எனக்குப் பழைய கேள்வி.

உங்கள் சாவை உங்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. சாமளாபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்தோம், மத்தியானம். நூல் கோன் ஏற்றிய ஒரு டெம்போ நம் சைடு கண்ணாடியை உரசிவிட்டு நிற்காமல் போனது. நீங்கள் துரத்தினீர்கள். "மெதுவாப் போங்கப்பா" என்று நான் நாலு முறை சொன்னேன். "விடாத, விடாத" என்று வண்டியோடு பேசிக்கொண்டே போனீர்கள். முந்தி, குறுக்கே வெட்டி, அதன் மூக்குக்கு முன்னால் பிரேக்கை மிதித்தீர்கள். அவ்வளவு பாரம் ஏற்றிய வண்டி எப்படி நிற்கும்? பின்னால் மோதியது. கார் சுழன்று உங்கள் பக்கம் புளியமரத்தில் அடித்தது.

ஸ்டியரிங் உங்கள் நெஞ்சுக்குள் இருந்தது. வாயில் ரத்தம் குமிழ் குமிழாக வந்து உடைந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தீர்கள். என்ன அது? என் கன்னம் முழுக்கக் கண்ணாடி. ரோடெல்லாம் வெள்ளை நூல் கோன் உருண்டு கிடந்தது. நெற்றி பிளந்த ஒரு ஆள் ஓடிவந்து, ஜன்னலை உடைத்து, என்னை வெளியே இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். "ஒண்ணும் ஆவாது பாப்பா, கண்ணத் தொறந்துக்கோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டெம்போ ஓட்டி வந்தவர் அவர்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பெரியப்பா என் காதில் குனிந்தார். "சாமி, போலீஸ்காரங்க கேட்டா, டெம்போக்காரன் குடிச்சுப்போட்டு வந்து பின்னால உட்டுட்டான்னு சொல்லோணும். அப்பா பேரு கெடக்கூடாது பாரு." எனக்குப் பதின்மூன்று வயது. என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாத வயதல்ல அது. சொன்னேன். அவர்மேல் சாராய வாடை இல்லை, வியர்வை வாடைதான் இருந்தது என்பது அவர் மடியில் கிடந்த எனக்குத்தான் தெரியும். அவரை ஜெயிலில் போட்டார்கள். அவர் மனைவி ஒருநாள் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பெரியப்பா விரட்டிவிட்டார். நான் ஜன்னலை மூடிக்கொண்டேன்.

தர்ஷன் அப்படிக் கேட்ட இரவிலிருந்து எனக்குத் தூக்கம் ஏது? ரோஸ்லினை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய மறுநாள், விடிந்ததும் தர்ஷனைக் கூட்டிக்கொண்டு அந்தோணி வீட்டுக்குப் போனேன். இவர் தடுத்தார். "கேஸ் ஆயிரும் சுகந்தி. பையன் பேரும் சேந்து வரும்." "ஆகட்டுமுங்க" என்றேன். வரிசையாக எட்டு வீடு, அதில் கடைசி அவர்களுடையது. ரோஸ்லின் கட்டிலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து, இடது கையால் இட்லியைப் பிய்க்கத் தெரியாமல் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

தர்ஷன் வாசலிலேயே நின்று சொன்னான். "நான் வேணும்னே இடிச்சேன். நீ முந்துனது எனக்குப் புடிக்கல." அதற்குமேல் அவனுக்கு வரவில்லை. அழுதான்.

நான் அந்தோணியிடம் சொன்னேன். "ரிமோட் நல்லாத்தானுங்க இருந்துச்சு. நாந்தான் அமுத்தல. என்ற பையன் ஜெயிக்கோணும்னு நெனச்சேன்."

அவர் எழுந்தார். கை முஷ்டியாக மடங்கியது. அவர் மனைவி குறுக்கே வந்து நின்றாள். அவர் என்னைத் தாண்டிப் போய், கதவு நிலையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். விரல் முட்டி கிழிந்தது. மறுபடி குத்தினார். "வெளிய போங்க" என்றார். "எம்புள்ள முன்னால என்னய ஒண்ணும் செய்ய வச்சிராதீக."

நாங்கள் திரும்பியபோது ரோஸ்லின் கூப்பிட்டாள். "ஆண்ட்டி."

நின்றேன்.

"ரெண்டு பேருக்கும் கறுப்புக் கொடிதான?"

"ஆமா கண்ணு" என்றேன்.

"அப்ப சரி" என்று இட்லியைப் பார்த்துக்கொண்டாள்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். அடித்தது, அழுத்தாமல் நின்றது, பொய் சொன்னது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வழக்கு இருக்கிறது. வகுப்பை மூடி வைத்திருக்கிறோம். திறப்போமா, திறந்தால் பிள்ளைகள் வருவார்களா, தெரியவில்லை. திறந்தாலும் அந்த ரிமோட் என் கையில் இருக்காது. தர்ஷன் வண்டியைத் தொடுவதில்லை. டயர் அடுக்கைப் பிரித்து அடுக்குகிறான், ஓடுதளத்தைப் பெருக்குகிறான். நேற்று ஓடுதளத்தில் அந்தக் கறை இருந்த இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். நான் கூப்பிடவில்லை.

ரோஸ்லின் தினமும் அவள் அப்பாவோடு சண்டை போடுகிறாளாம், எப்போது மறுபடி ஓட்டுவது என்று. அவள் அம்மா கடைவீதியில் பார்த்தபோது சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் நின்று சொன்னாள்.

நேற்று முன்தினம் பெரியப்பாவிடம் போய் அந்த டெம்போ டிரைவரின் பெயரைக் கேட்டேன். "செத்தவன் பேரக் கெடுக்கப் போறியா?" என்று கையில் இருந்த டம்ளரை என்மேல் எறிந்தார். புருவத்தில் பட்டது. நான் நகரவில்லை. கடைசியில் சொன்னார். சுப்பையா. விசாரித்துவிட்டேன். இப்போது கொமரலிங்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அதற்குப் பிறகு எவரும் அவருக்கு வண்டி கொடுக்கவில்லையாம்.

உங்களை நான் இன்னும் நேசிக்கிறேன் அப்பா. அதுதான் எனக்குக் கஷ்டமே. உங்களை வெறுக்கும்படி என் பிள்ளைக்குச் சொல்லித்தர மாட்டேன். ஆனால் "அப்புச்சி எப்படிங்கம்மா செத்தாரு?" என்று அவன் உங்களைப் பற்றிக் கேட்டால் இனி விபத்து என்று சொல்லவும் மாட்டேன்.

வெள்ளிக்கிழமை கொமரலிங்கம் போகிறோம், நானும் தர்ஷனும். வண்டியை நானே ஓட்டுகிறேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். சுப்பையாவின் முன்னால் நின்று, யாருடைய மகள் நான் என்பதையும், பதின்மூன்று வயதில் என்ன சொன்னேன் என்பதையும் சொல்வேன். அவர் கதவைச் சாத்தினால் வெளியே நிற்பேன். அவர் கையை ஓங்கினால் வாங்கிக்கொள்வேன், என் கை எழாது. போலீஸிலும் கோர்ட்டிலும் வந்து சொல்லச் சொன்னால் போய்ச் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் ஒரே மகள்,
தர்ஷனின் அம்மா,
சுகந்தி